தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு

கொம்பனித்தெரு,
கொழும்பு 2.

அன்புள்ள மகளுக்கு,

பதுளைப் பக்கம் உனக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். மண்சரிவில் வீடு போன தோட்டச் சனத்துக்குப் புது வீடு கட்டும் திட்டத்தில் களப் பொறியியலாளர் என்று உன் அப்பா நேற்றுப் போனில் சொன்னார். குரலிலேயே பெருமை தெரிந்தது. “உங்களுக்குத் தெரிஞ்சதைப் பிள்ளைக்குக் கொஞ்சம் எழுதி அனுப்புங்க” என்றும் கேட்டார். முப்பது வருசம் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக அளவுநாடாவோடு அலைந்தவனுக்கு எழுத்து எங்கே வரும்? ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போவது தோட்டத்துக்கு. நான் பிறந்ததும் தோட்டத்தில்தான். மலைநாட்டில் தோட்டம் என்றால் தேயிலை. கொழும்பில் தோட்டம் என்றால் பேருக்கு ஒரு மரம் இருக்காது. ஒரு சந்து, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வீடுகள், நடுவில் ஒரு பொதுக்குழாய், மூலையில் நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். எங்கள் தோட்டத்தில் தமிழர், மலாயர், சோனகர், சிங்களவர் எல்லாரும் இருந்தோம். மழை விடாமல் அடித்தால் கான் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும். எந்த வீட்டில் படுக்கையாகிவிட்ட கிழவி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அரை மணிக்குள் எல்லாரும் மேட்டு வீடுகளில் இருப்போம். அடுப்பும் அங்கேதான் எரியும். அனர்த்த முகாமைத்துவம் என்ற சொல் அப்போது எங்கள் காதில் விழுந்ததே இல்லை.

என் அக்கா வாசற்படியில் உட்கார்ந்து இடியப்பம் விற்றாள். விடிய ஐந்தரைக்குத் தட்டுகள் வெளியே வந்துவிடும். ஓட்டோக்காரர், கந்தோருக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எட்டு மணிக்குள் எல்லாம் முடியும். அந்தப் படி ஒன்றேகால் அடி அகலம். அதில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தாள்.

இப்போது தெமட்டகொடைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறாள். நல்ல வீடு, குறை சொல்ல மாட்டேன். தனிக் குளியலறை, மழை ஒழுகாத கூரை, மாபிள் போட்ட தரை, யன்னலைத் திறந்தால் காற்று. ஆனால் இரண்டு இடியப்பம் வாங்க ஒன்பது மாடி ஏறி யார் வருவான்? கொஞ்ச நாள் கீழே கொண்டுபோய் விற்றாள். லிப்ட் பழுதான நாட்களில் முழங்கால் விடவில்லை. குடிபோன எட்டாம் மாதம் இடியப்ப உரலைக் கழுவிப் பரணில் வைத்துவிட்டாள். வீடுகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தபடியால், பக்கத்து வீட்டில் இருப்பவரின் பெயர் அவளுக்கு ஒரு வருசம் தெரியாது.

எங்கள் பகுதியின் கதை உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிபட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போன காலம் அது. பிறகு ஜாவா லேன், கிளெனி வீதி. புது வீடு வரும் என்ற வாக்கை நம்பி வாடகை வீடுகளுக்குப் போனவர்கள், சொன்ன தவணை தாண்டியும் வருசக்கணக்காகக் காத்திருந்தார்கள். அதற்கும் முந்தியது 1983 ஜூலையில் எரிக்கப்பட்ட ரியோ தியேட்டர். அந்தக் கட்டிடம் கருகின சுவரோடு பல பத்து வருசம் அப்படியே நின்றது. நாங்கள் அதைக் கடந்துதான் கடைக்குப் போய் வந்தோம். இவை எதையும் அனர்த்தம் என்று யாரும் பதியவில்லை. மலை இடிந்து வந்தாலும் ஜேசிபி வந்தாலும், வீடு போனவனுக்கு அடுத்த நாள் காலை ஒரே மாதிரித்தான் விடியும்.

ஆகவே எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். சாவி கொடுக்கும் நாளோடு வேலை முடிந்தது என்று நினைக்காதே. அமைச்சர் வருவார், ரிப்பன் வெட்டுவார், படம் பேப்பரில் வரும். அந்த வீட்டில் பத்தாவது வருசம் என்ன நடக்கும் என்று நினைத்துப் பிளானைக் கீறு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பிழை விட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த நாட்டில் 35,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஒரு லட்சத்தை அண்டிய வீடுகள் சேதம். 2005இல் என்னை அம்பாறைக் கரைக்கு அனுப்பினார்கள். வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது, தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர் என்று அப்போது ஒரு சட்டம். “கடல் என்ன, மாகாணம் பார்த்தா வந்தது?” என்று சாய்ந்தமருதில் ஒரு கிழவர் கேட்டார். பதில் என்னிடம் இருக்கவில்லை. மருதமுனை, சாய்ந்தமருது பக்கம் கரையை ஒட்டி வீட்டோடு வீடு. அதற்குப் பின்னால் வயல். 200 மீட்டர் விட்டால் மனிதன் நிற்க இடம் கிடையாது. பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். அதற்குள் எத்தனையோ குடும்பம் தகரக் கொட்டிலில் ஒரு மாரி முழுக்கக் கழித்துவிட்டது.

அந்தத் தூரத்துக்கு வெளியே காணி இருந்தவர்களுக்கு, முழுதாய் உடைந்த வீட்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய், நாலு தவணையாக. அவர்களே கட்டிக்கொண்டார்கள். அந்தத் தூரத்துக்குள் இருந்தவர்களுக்கு நன்கொடையாளர் கட்டிய வீடு. நான் கீறினது இரண்டாவது வகை. மலசலகூடத்தை வீட்டுக்குள், குசினிக்கு அடுத்த சுவரில் வைத்தேன். குழாய்ச் செலவு மிச்சம் என்று எனக்கே பெருமை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், பாதி வீடுகளில் அதற்குள் வலை சுருட்டி வைத்திருக்கிறார்கள். வளவின் மூலையில் ஓலை மறைப்பில் வேறொன்று நிற்கிறது. கீறும் முன் ஒரு பொம்பிளையிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிசத்தில் சொல்லியிருப்பாள். நான் யாரையும் கேட்கவில்லை.

அதே மாவட்டத்தில் அக்கரைப்பற்றுக்குப் பக்கம் நுரைச்சோலை இருக்கிறது. சவூதிப் பணத்தில் 500 வீடுகள் எழும்பின. யாருக்குப் பிரிப்பது, எந்த இனத்துக்கு எத்தனை என்ற இழுபறியில் வழக்குப் போட்டார்கள். பத்து வருசத்துக்கு மேலாகப் பூட்டியே கிடந்தன. கூரைக்கு மேல் செடி முளைத்தது. வீடு யாருக்கு என்று தீராமல் கல்லை வைத்தால் இதுதான் நடக்கும். அது எங்கள் மாதிரி ஆட்கள் தீர்க்கிற விசயமில்லை என்று அப்போது ஒதுங்கி நின்றேன். இப்போது அப்படி நிற்க மாட்டேன்.

பிறகு வன்னி. இந்திய வீட்டுத் திட்டம் மொத்தம் 50,000 வீடுகள். முதல் ஆயிரத்தைக் கொந்தராத்துக்காரர் கட்டினார்கள். 2012 ஒக்டோபரிலிருந்து பெரும்பகுதியைச் சனமே கட்டினார்கள். வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய், வேலை முன்னேற முன்னேற நாலு தவணை. என் வேலை ஒவ்வொரு கட்டமும் சரியா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது.

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு ஊரில் ஒரு அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள். புருசன் யுத்தத்தில் இல்லாமல் போனவர். கல்லரி அச்சை வாடகைக்கு எடுத்துத் தாயும் பிள்ளைகளுமாகத் தாங்களே கல் அரிந்தார்கள். சீமெந்து குறையக் கலந்தால் கல் நொறுங்கும் என்று நான் விகிதம் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் அவ எனக்குச் சொல்லித் தந்தா. அரிந்த கல்லுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடாமல் அடுக்கினால் வெயிலில் வெடிக்கும், பக்கத்து வளவுக்காரனைப் பாருங்கோ என்றா. அத்திவாரம் வெட்டும்போது வாசல் பக்கம் நாலடி கூட்டி வெட்டச் சொன்னா. “அம்மா, விறாந்தைக்குத் திட்டத்தில் காசு இல்லை” என்றேன். “காசு கேக்கேல்லை தம்பி. கல்லை மட்டும் போட்டு விடுவம். சுவரை எப்பவாவது எழுப்பலாம்” என்றா. சட்டப்படி எழுத இடமில்லை. படிவத்தில் எழுதாமல் விட்டேன்.

2019இல் ஒரு கலியாணத்துக்குப் போகிற வழியில் அந்த ஊரில் இறங்கினேன். அந்த நாலடியில் ஒரு கடை நிற்கிறது. பிஸ்கட், கற்பூரம், ரீலோட், தூக்கிக் கட்டின வாழைக்குலை. பின்னேரத்தில் ஊரே அந்த வாங்கில் வந்து உட்கார்கிறது. வெள்ளம் வரும் என்ற அறிவித்தல் வந்தால் கிராம சேவையாளர் முதலில் வந்து சொல்வது அந்தக் கடையில்தான். ஐந்தரை லட்சத்தில் கட்டின வீட்டை அந்த இலவச நாலடிதான் வீடாக்கியது என்று எனக்குப் பட்டது.

ஆகவே மகள், அத்திவாரத்தைச் சற்றுத் தாராளமாகப் போடு. முன்னுக்கோ பக்கத்திலோ ஒரு அறை கூட்டலாம் என்கிற மாதிரிக் காணிக்குள் வீட்டைத் தள்ளி வை. சனம் கட்டாயம் கூட்டிக் கட்டும். நீ வழி விடாவிட்டாலும் கட்டும், ஆனால் கோணலாகக் கட்டும், கானை மூடிக் கட்டும். 2015, 16இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புத் தகட்டு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது ஞாபகமா? முதலில் ஒரு வீட்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். கல் வீடு அதில் பாதிக்கும் குறைவில் முடிந்த காலம். அத்திவாரம் போதாது, வெக்கை தாங்காது, கூட்டிக் கட்ட முடியாது என்று பொறியியலாளர்களே எழுதினார்கள். மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்த்த சனம் முதலில் கேட்டது, “சுவரில ஆணி அடிக்கேலுமா?” என்றுதான்.

சனமே கட்டட்டும் என்று சொல்லிவிட்டு நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. அந்தப் பக்கத்துக் கணக்கையும் சொல்ல வேண்டும். வன்னியில் எல்லாரும் ஒரே நேரம் கட்டத் தொடங்கியதும் மணல் விலை ஏறியது. மேசனுக்கு அடிபிடி. தவணை வரும் முன் கல்லை வாங்க நகை அடகுக்குப் போனது. வீடு முடிந்தும் கடன் முடியாத குடும்பங்களை நான் பார்த்தேன். வாரக் கடன்காரர் அந்தப் புதுக் கதவைத்தான் தட்டினார்கள். தனிக் கிழவியிடம் காசைக் கொடுத்து “நீயே கட்டு” என்பது உதவியாகாது. நாலு குடும்பமாகச் சேர்த்து விடு. சீமெந்தும் கம்பியும் மொத்தமாக வாங்கட்டும். ஒரு மேசன் குழுவே வரிசையாகக் கட்டட்டும். குஜராத்தில் 2001 பூகம்பத்துக்குப் பிறகு பெரும்பாலான வீடுகளைச் சனமே திரும்பக் கட்டினார்கள். அங்கே காசோடு கூடவே மேசன்மாருக்குப் பயிற்சியும் போனது, கட்டக் கட்டப் பார்க்கிற பொறியியலாளரும் போனார்.

உன் இடத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. “உரிமையாளரே கட்டும் வீடு” என்று திட்டத்தின் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தில் யார் உரிமையாளர்? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் நாலு தலைமுறை இருந்தவனுக்கு அந்தக் காணியில் ஒரு அடி சொந்தமில்லை. காணி அரசாங்கத்தினது, குத்தகை கம்பனியினது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயத்தோடு சேர்த்துச் சனத்தையும் மண் மூடியது. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலேயே சொல்லியிருந்தது, 2011இலும் சொன்னது. “சொல்லியும் எழும்பவில்லை” என்று கொழும்பில் பேசினார்கள். எழும்பி எங்கே போவது? தேயிலைக்குள் ஒரு குடிலடித்தால் கங்காணி வருவார். போகச் சொன்ன யாரும் போக ஒரு இடத்தைக் காட்டவில்லை.

பிறகு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்று வந்தது. வீடு வந்த பல இடங்களில் உறுதி வரவில்லை. உறுதி என்ற சொல்லை நம் ஆட்கள் காணிப் பத்திரத்துக்கு வைத்ததைப் பற்றி நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். கொங்கிரீட்டின் உறுதியை நீ பார்ப்பாய், அது உன் படிப்பு. மற்ற உறுதி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யாருடைய பெயரில் வரும், புருசன் பெயரிலா, பெண்சாதி பெயரும் சேருமா என்று ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் கேள். “அது பொறியியலாளரின் வேலையில்லை” என்பார்கள். சிரித்துக்கொண்டு திரும்பவும் கேள். உறுதி இல்லாத வீட்டுக்கு யாரும் காசு செலவழித்துத் தடுப்புச் சுவர் கட்ட மாட்டார்கள். பத்தாம் வருசம் அந்தச் சரிவு திரும்பவும் பேசும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, முழுதாக அழிந்த வீட்டுக்கு 50 லட்சம் வரை என்று அரசாங்கம் அறிவித்தது. சுனாமிக் காலத்து இரண்டரை லட்சத்தோடு ஒப்பிட்டால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும், நல்ல காசு. காசு இருக்கிற இடத்தில் அவசரமும் இருக்கும். அவசரத்தில் முதலில் கை வைப்பது கண்ணுக்குத் தெரியாத வேலையில்தான்.

அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீ என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய். லின்டல் மட்டத்தில் சுற்றி வரும் கொங்கிரீட் வளையத்துக்குக் கம்பி கட்டும்போது நாலு மூலைக்கும் நீயே ஏணியில் ஏறிப் பார். பாஸ்மார் கம்பியை மூலை வரை கொண்டுவந்து வெட்டி நிறுத்திவிடுவார்கள். வளைத்து அடுத்த சுவருக்குள் இரண்டு அடியாவது போக வேண்டும். இல்லாவிட்டால் அது வளையமே இல்லை, நாலு துண்டு. வன்னியில் ஒரு பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது, கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. ஒரு வீட்டின் பின்மூலையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் வருசம் அந்த மூலையில் மேலிருந்து கீழே வெடிப்பு. அந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெடிப்பை மறைக்க ஒரு கலண்டரை மாட்டியிருந்தார்.

மற்றது தண்ணீர். மலையில் வீட்டைத் தள்ளுவது மண் என்று நினைப்போம். மண்ணுக்குள் போன தண்ணீர்தான் தள்ளுகிறது. வீட்டுக்கு மேல் பக்கம் கான் வெட்டாமல் அத்திவாரம் வெட்ட விடாதே. பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது, குசினித் தண்ணீர் எங்கே போகிறது, மலக்குழியின் கசிவு யாருடைய தலைக்கு மேல் என்று வீட்டுக்கு வீடு கீழ்நோக்கி நடந்து பார். மேல் வீட்டுக்காரனின் கான் அடைத்தால் கீழ் வீட்டுக்காரன் சாவான். ஆகவே அந்தக் கானைத் துப்பரவு செய்வது யார் என்று அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசித் தீர்க்கிற நிலையில் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு பேர் அதைப் பேச மாட்டார்கள். முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவார்கள்.

இதனால்தான் சீட்டுக் குலுக்குவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. யப்பானில் கோபே நகரத்தில் 1995 ஜனவரியில் பூகம்பம், 6,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வீடு போன முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துத் தற்காலிக வீடுகளைக் குலுக்கலில் பிரித்தார்கள். நீதியான முறை, யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பழைய தெருக்காரர்கள் நாலு பக்கம் சிதறினார்கள். தனியாகச் செத்து, நாட்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்த கிழவன் கிழவிகளின் செய்தி அங்கே பேப்பரில் வர வர, பிறகு வந்த அனர்த்தங்களில் ஊரோடு ஊராகக் குடியேற்றப் பார்த்தார்கள். என் அக்காவின் தொடர்மாடியிலும் குலுக்கினார்கள். எங்கள் சந்திலிருந்து பதினாறு குடும்பம் ஒரே கட்டிடத்துக்குத்தான் போனது, ஆனால் பத்து மாடியில் சிதறிப் போனது. எங்கள் சந்தின் மலாய்ப் பாட்டி மூன்றாம் மாடியில் விழுந்து கிடந்ததை, ஒன்பதாம் மாடியிலிருந்த அக்கா அடுத்த நாள்தான் அறிந்தாள். சந்தில் இருந்திருந்தால் பாட்டியின் கதவு ஆறு மணிக்குத் திறக்காவிட்டால் ஆறு ஐந்துக்கு யாராவது தட்டியிருப்பார்கள்.

உங்கள் திட்டத்தில் காணித் துண்டுகளைப் பிரிக்கும் கூட்டம் எப்போது என்று கேட்டு வை. அதற்கு முன் முகாமில் இருக்கிற சனத்தோடு ஒரு பின்னேரம் உட்கார். யார் யாருக்குப் பக்கத்தில் இருக்க வேணும், யாருடைய பிள்ளையை யார் பார்ப்பது, கொழுந்துக்கு யார் யார் சேர்ந்து போவது என்று கேட்டு ஒரு தாளில் எழுது. பொம்பிளைகளைத் தனியாகவும் கேள், ஆம்பிளைகள் வேறு பட்டியல் தருவார்கள். அந்தத் தாளைக் கூட்டத்தில் மேசைமேல் வை. குலுக்கத்தான் வேணும் என்று நின்றால், ஆறு குடும்பத்துக்கு ஒரு சீட்டு என்று குலுக்கச் சொல்.

முடியாது என்றால் எனக்குப் போன் பண்ணு. அக்காவையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு ரயில் ஏறுகிறேன்.

இப்படிக்கு,
உன் கொம்பனித்தெரு அங்கிள்